சான்றிதழ் சுவரில், ஆள் எங்கே?

இரவு ஒன்பது மணி. திருப்பூரில் பனியன் கம்பெனியிலிருந்து ஒன்றரை ஷிப்ட் முடித்து வெளியே வருகிறான் ஒரு பாட்டாளி. உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது. அரசு மருத்துவமனைக்குக் காலையில் போனால் அரைநாள் கூலி போகும். தனியார் மருத்துவரிடம் போனால் சேர்த்து வைத்ததும் போகும். ஆகவே போகிறான், மருந்துக் கடைக்கு!

"அண்ணா, காய்ச்சலுமுங்க, மேலு வலியுமுங்க. ஒரு செட் குடுங்க. காலையில வேலைக்குப் போகோணும்."

செட்! உழைப்பவர் வாயில் பிறந்த சொல் அது. காய்ச்சலுக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, வயிறு புண்ணாகாமலிருக்க ஒன்று, பெயர் சொல்லாமல் ஒன்று. சின்னக் காகித உறையில் விழுகின்றன நான்கும். சோமனூரில் தறி ஓட்டுபவரும், கணபதியில் பவுண்டரியில் வேகிறவரும் இதே உறையைத்தான் வாங்கிச் செல்கின்றனர்.

அந்த நான்காவது மாத்திரையைப் பற்றித்தான் நமக்குக் கவலை. அது ஸ்டீராய்டாக இருந்தால், காய்ச்சல் இறங்கியதுபோல் இருக்கும். உள்ளே நோய் வளரும். சர்க்கரை இருப்பவனுக்குச் சர்க்கரை ஏறும். ஆன்டிபயாடிக்காக இருந்தால், ஒருவேளை இருவேளை விழுங்கிவிட்டு நிறுத்துவான். அரைகுறையாய் அடிபட்ட கிருமி, அடுத்த முறை அதே மருந்தைப் பார்த்துச் சிரிக்கும்! வலி மாத்திரையாவது சாதுவா? வெறும் வயிற்றில் நாள்தோறும் விழுங்கினால் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எடுத்துக் கொடுத்தவர் யார்? மருந்து படித்தவரா? சுவரைப் பாருங்கள், கண்ணாடிச் சட்டத்துக்குள் சான்றிதழ் தொங்குகிறது. பெயர் இருக்கிறது, படம் இருக்கிறது, ஆள்தான் இல்லை! சான்றிதழை மட்டும் வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் வேறு வேலை பார்க்கிறார் அவர். பலகைக்குப் பின்னால் நிற்பதோ, மாதச் சம்பளத்துக்கு வந்த ஒரு பையன். அவன்மீது நமக்குக் கோபமில்லை. அவனும் நம்மைப்போல் வயிற்றுப்பாட்டுக்கு வந்தவன்தான். எல்லாக் கடையும் இப்படி என்றும் நாம் கூறவில்லை. நள்ளிரவிலும் எழுந்து வந்து, "இதற்கு மாத்திரை வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போ" என்று விரட்டும் நல்லவர்களை நாம் அறிவோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1948ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டம், மருத்துவர் சீட்டுக்கு மருந்து வழங்குவது பதிவு பெற்ற மருந்தாளுநரின் வேலை என்றது. 2014 மார்ச் முதல், குறிப்பிட்ட ஆன்டிபயாடிக்குகளையும் காசநோய் மருந்துகளையும் விற்றால், சீட்டு எழுதியவர் யார், வாங்கியவர் யார், எவ்வளவு என்று ஏட்டில் குறித்து மூன்றாண்டு காக்க வேண்டும் என்றானது. 2015இல் வந்த விதிகள், நோயாளிக்கு மருந்தைப் பற்றி எடுத்துரைப்பதையும் மருந்தாளுநரின் கடமையாக்கின. ஏட்டில் சட்டம் இருக்கிறது. கடையில் ஏடு இருக்கிறதா?

நம் பாட்டன்மார் அவரைக் 'கம்பவுண்டர்' என்றனர். மருந்தைக் கலக்கிக் கொடுத்ததால் வந்த பெயர். வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, வெட்டிய காகிதத்தைப் புட்டியில் ஒட்டிக் கொடுப்பார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவியும் அந்தக் காகிதத்தைப் படித்தாள்! இன்று மாத்திரை ஆலையிலிருந்து அட்டையாகவே வருகிறது. கலக்கும் வேலை போயிற்று, விளக்கும் வேலை அல்லவா வளர்ந்திருக்க வேண்டும்?

அரசு தன் பங்குக்குச் செய்தவை உண்டு. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தது. மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, ஆரம்ப சுகாதார நிலையம் வரை மருந்து அனுப்பும் அந்த வழியைக் கேரளமும் இராஜஸ்தானும் பின்னர் பின்பற்றின. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. 2025 பிப்ரவரி 24இல் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மருந்தியல் படித்த தொழில்முனைவோருக்கு 3 இலட்சம் ரூபாய் மானியம் என்றனர். விலை குறைந்தது, மகிழ்ச்சி. ஆனால் மலிவான மாத்திரையையும் தவறாக விழுங்கலாமே!

இங்கிலாந்தைப் பாருங்கள். 2024 சனவரி 31 முதல் அங்கே தொண்டைவலி, காதுவலி போன்ற ஏழு நோய்களுக்கு மருந்தாளுநரே பார்த்து, தேவையானால் மருந்து தரலாம். மருத்துவரிடம் போக வேண்டியதில்லை. அதிலும் நுட்பம் ஒன்று: அவர் கேட்டு ஆராய்ந்து சொல்வதற்கென்றே அரசு கட்டணம் தருகிறது. மாத்திரை விற்காவிட்டாலும் அவருக்கு நட்டமில்லை.

இங்கே? "வேண்டாம்" என்று சொன்னால் கல்லாவில் காசு விழாது! விற்றால்தான் பிழைப்பு என்ற நிலையில் அவருக்கு மருந்தெழுதும் உரிமை கொடு என்று நாம் கேட்கமாட்டோம். அது பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதாகும். நாம் கேட்பது வேறு. இரத்த அழுத்தம் பார்க்கட்டும், சர்க்கரை பார்க்கட்டும், காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டவனைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பட்டும். அந்த வேலைக்கு அரசு கூலி கொடுக்கட்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம் 1955இல் முதலில் வந்த ஊர் கோவை. இதையும் ஷிப்ட் விடும் நேரத்தில் திறந்திருக்கும் கடைகளில், இங்கேயே தொடங்கிப் பார்க்கலாமே!

அதுவரை, நாளை மாலை மாத்திரை வாங்கப் போகும் தோழர்களே, வெள்ளைக் கோட்டும் பெயர்ச் சின்னமும் அணிந்தவர் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அவரிடமே கேளுங்கள்: சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? எத்தனை நாள்? நான் தின்னும் சர்க்கரை மாத்திரையோடு சேருமா? இல்லையென்றால், "எத்தனை மணிக்குங்க வருவாரு?" என்று கேட்டுவிட்டு, அந்த மணிக்கே போய் நில்லுங்கள்.