ஒரு குடம் தண்ணீருக்குப் பின்னால்... செய்தி சொல்லாததை 'தண்ணீர்' நாவல் சொன்னது எப்படி?

2019 ஜூலை 12. ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு சென்னை வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது ஒரு ரயில். சுமார் 25 லட்சம் லிட்டர். செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் என நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டு கிடந்த நேரம் அது.

எத்தனை லிட்டர், எத்தனை வேகன் என்ற கணக்கு செய்தியில் வந்துவிடும். ஆனால் ஒரு குடம் தண்ணீருக்காக வீட்டுப் பெண்கள் எத்தனை மணிக்கு எழுந்தாங்க, என்னவெல்லாம் பேச்சு கேட்டாங்க? அந்தக் கணக்கை 1970-களிலேயே எழுதி வைத்தவர் அசோகமித்திரன்.

'தண்ணீர்' என்ன கதை?

சென்னையில் ஒரு தெரு. வாடகை வீட்டில் ஜமுனா, சாயா என அக்கா, தங்கை. குழாயில் தண்ணீர் வருவதில்லை. விடியும் முன்பே குடத்தை எடுத்துக்கொண்டு, அடிபம்ப் இருக்கும் வீடு தேடிப் போகணும். குழாயைச் சரிசெய்யத் தெருவைத் தோண்டுறாங்க. கடைசியில் குடிநீரில் சாக்கடை கலந்து வருது. நம்மில் பலருக்கு இது பழகிய விஷயம்தான்!

இதில் என்ன ஸ்பெஷல்?

நாவலில் யாரும் மேடை ஏறிப் பேசுவதில்லை. யார் வீட்டு பம்பில் யாரை அடிக்க விடுவாங்க, யாரைத் திருப்பி அனுப்புவாங்க என்பதிலேயே அந்தத் தெரு மொத்தமும் தெரிந்துவிடும். சினிமா ஆசை காட்டி ஏமாற்றப்பட்ட ஜமுனாவின் வாழ்க்கையும் வறண்டுதான் கிடக்கு. எதிர்வீட்டு டீச்சரம்மா தன் கதையைச் சொல்லும்போதுதான் அவள் நிமிர ஆரம்பிக்கிறாள். தண்ணீர்ப் பிரச்சினையின் பாரம் பெண்கள் இடுப்பில்தான் இறங்குது என்பதை நாவல் வாதாடாமல் காட்டிவிடுகிறது.

அப்போ 'தண்ணீர் தண்ணீர்'?

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. 'தண்ணீர் தண்ணீர்' கோமல் சுவாமிநாதன் எழுதிய நாடகம். 1981-ல் கே.பாலசந்தர் அதைப் படமாக்கினார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. களம், கரிசல் பூமியில் அத்திப்பட்டி என்ற கிராமம். மனு கொடுத்து அலுத்துப்போன மக்கள், தேர்தலைப் புறக்கணிக்கிறாங்க. தாங்களே கால்வாய் வெட்டப் போனால், சட்டத்தைக் காட்டித் தடுக்குது அரசாங்கம். நாவல் வீட்டுக்குள் இருந்து பார்க்கிறது. நாடகம் நேராக அதிகாரத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது.

இப்போ ஏன் படிக்கணும்?

ஒரு மழை நல்லா பெய்தால் போதும், பஞ்சம் செய்தியில் இருந்து காணாமல் போயிடும். குடத்தோடு காத்திருந்த அந்த விடியற்காலை அரசு அறிக்கையில் இருக்காது. அதுக்கு இந்த மாதிரி கதைகள்தான் சாட்சி. 'தண்ணீர்' சின்ன நாவல்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். படிச்சு முடிச்சதும் வீட்டில் அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க: "அந்தக் காலத்துல தண்ணி பிடிக்க எத்தனை மணிக்கு எழுந்தீங்க?"