வேர்டுக்குப் பின்னால் ஒரு வாட்ச்மேன்

"உன் லேப்டாப்ல ஆபீஸ் ஆக்டிவேட் ஆயிருக்கா?" என்று கேட்டால், நம்மில் பலர் "அதெல்லாம் இன்ஸ்டால் பண்ணின அன்னைக்கே முடிஞ்சிடுச்சு" என்போம். பெரும்பாலும் அது அன்றைக்கே முடிந்துவிடுவதில்லை. நீங்கள் வேர்டில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருக்கும்போது, பின்னணியில் சில சர்வீஸ்கள் உங்கள் லைசென்ஸ் இன்னும் செல்லுமா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்கின்றன. காலேஜை விட்டுக் கிளம்பப்போகும் நமக்கு இது தெரிந்திருப்பது ரொம்ப முக்கியம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

யார் அந்த வாட்ச்மேன்?

ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து பாருங்க. 'சாஃப்ட்வேர் ப்ரொடெக்‌ஷன்' என்று ஒன்று இருக்கும். விண்டோஸின் லைசென்ஸைப் பார்ப்பது இதுதான். ஆபீஸ் 2010 வந்தபோது ஆபீஸுக்கென்று தனியாக ஒரு சர்வீஸ் இருந்தது. விண்டோஸ் 8-க்குப் பிறகு, ஆபீஸ் 2013 முதலான வால்யூம் லைசென்ஸ் பதிப்புகள் விண்டோஸின் இந்த ஒரே சர்வீஸையே பயன்படுத்துகின்றன.

இது எப்போதும் ஓடாது. தேவைப்படும்போது எழுந்து, வேலையை முடித்துவிட்டுத் தானே நின்றுவிடும். அதனால் லிஸ்டில் 'ரன்னிங்' என்று இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம், அது இயல்புதான்.

அதே லிஸ்டில் 'க்ளிக் டு ரன்' என்ற சர்வீஸும் இருக்கலாம். இன்ஸ்டால், அப்டேட் எல்லாம் இதன் பொறுப்பு. "லேப்டாப் வேகமாகும்" என்று யாராவது சொன்னதைக் கேட்டு இதை டிசேபிள் பண்ணினால், வேர்டே திறக்காமல் எரர் காட்டும். லேப்டாப் ஸ்லோ என்றால் ஸ்டார்ட்அப் ஆப்களைக் குறைங்க, இவற்றைத் தொடாதீங்க.

லேபில் நடப்பது என்ன?

காலேஜ், கம்பெனி மாதிரி இடங்களில் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் தனித்தனி கீ போடுவது நடக்காத காரியம். அதனால் உள் நெட்வொர்க்கிலேயே ஒரு சர்வர் வைப்பார்கள். பெயர் கே.எம்.எஸ்., அதாவது கீ மேனேஜ்மென்ட் சர்வீஸ். லேப் கம்ப்யூட்டர் டி.என்.எஸ்.-இடம் "கே.எம்.எஸ். சர்வர் எங்கே?" என்று கேட்கும். விலாசம் கிடைத்ததும் 1688-ஆம் டி.சி.பி. போர்ட்டில் போய்ப் பேசும். நெட்வொர்க்ஸ் பேப்பரில் படித்த அதே எஸ்.ஆர்.வி. ரெக்கார்டுதான், நேரில் வேலை செய்கிறது!

கிடைக்கும் ஆக்டிவேஷன் 180 நாளைக்குத்தான். 7 நாளைக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கப் பார்க்கும். புதுப்பித்ததும் மறுபடி 180 நாள். அதனால் ஒரு வாரம் சர்வர் படுத்தாலும் யாருக்கும் தெரியாது. ஆனால் 180 நாளும் அந்த நெட்வொர்க் பக்கமே வராத கம்ப்யூட்டரில் லைசென்ஸ் இல்லை என்ற எச்சரிக்கை வர ஆரம்பிக்கும்.

இன்னும் இரண்டு சுவாரசியமான விஷயங்கள். ஒன்று, ஆபீஸுக்குக் குறைந்தது 5 கம்ப்யூட்டர்கள் வந்து கேட்ட பிறகுதான் சர்வர் ஆக்டிவேட் பண்ணும். 4 கம்ப்யூட்டர் மட்டும் உள்ள நெட்வொர்க்கில் ஒன்றுகூட ஆகாது. இரண்டு, கம்ப்யூட்டரின் கடிகாரத்துக்கும் சர்வரின் கடிகாரத்துக்கும் 4 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோரிக்கையே தள்ளுபடி. பழைய கம்ப்யூட்டரில் சீமாஸ் பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருந்தால், கோளாறு லைசென்ஸில் இருக்காது, அந்தச் சின்ன பேட்டரியில் இருக்கும். முதலில் தேதியைப் பாருங்க.

போலி வாட்ச்மேன்

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஹாஸ்டலில் பென்டிரைவில் சுற்றும் 'ஆக்டிவேட்டர்' என்ன செய்கிறது தெரியுமா? "நான்தான் கே.எம்.எஸ். சர்வர்" என்று பொய் சொல்கிறது. 180 நாள் கணக்கு இருப்பதால் ஒருமுறை பொய் சொன்னால் போதாது. அதனால் அட்மின் உரிமையோடு பின்னணியில் தானும் ஒரு டாஸ்க்காகத் தங்கிவிடுகிறது. போடும் முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். அதாவது நிஜ காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, யாரென்றே தெரியாத ஒருவரிடம் சாவியைக் கொடுக்கிறோம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2021-இல் கே.எம்.எஸ்.பிகோ என்ற ஆக்டிவேட்டரின் பெயரில் வந்த இன்ஸ்டாலர்களில் 'கிரிப்ட்பாட்' என்ற மால்வேர் ஒளிந்திருந்ததை ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் கிரிப்டோ வாலட்டுகளையும் திருடுவது அதன் வேலை. வேர்டு இலவசமாகக் கிடைத்தது, ஜிமெயில் போனது என்றால் கணக்கு சரியா வருமா?

காலேஜ் முடிந்தால்?

காலேஜ் மெயில் ஐடியில் மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்கள் கவனிங்க. அது 30 நாளைக்கு ஒருமுறையாவது இன்டர்நெட் வழியாகச் சரிபார்க்கும். முடியாவிட்டால் ஃபைலைத் திறக்கலாம், படிக்கலாம், பிரின்ட் எடுக்கலாம். எடிட் பண்ண முடியாது. நெட் வந்து சைன் இன் பண்ணினால் சரியாகிவிடும். ஆனால் கணக்கையே காலேஜ் மூடிவிட்டால் லைசென்ஸும் போகும், ஒன்டிரைவில் வைத்த ஃபைல்களும் அதோடு போகும்.

எனவே இந்த வாரமே மூன்று வேலை செய்யுங்க:

1. வேர்டில் 'ஃபைல்', பிறகு 'அக்கவுன்ட்' போய், எந்த மெயில் ஐடியில் லைசென்ஸ் இருக்கிறது என்று பாருங்க.

2. காலேஜ் ஐடி என்றால் ரெஸ்யூமே, ப்ராஜெக்ட், சான்றிதழ் ஸ்கேன் எல்லாவற்றையும் உங்கள் சொந்த இடத்துக்கு மாற்றுங்க.

3. அடுத்து எதில் வேலை செய்வது என்று முடிவெடுங்க. சொந்தக் கணக்கில் பிரவுசர் வழி வேர்டு இலவசம். லிப்ரே ஆபீஸும் இலவசம், அதில் ஆக்டிவேஷன் என்ற பேச்சே கிடையாது.

லைசென்ஸ் யாருடையதாகவும் இருக்கட்டும், எழுதிய ரிப்போர்ட் உங்களுடையது. கணக்கு மூடும் நாளுக்கு முன்னாடியே அதை வெளியே எடுத்து வைங்க.