எக்காலத்துக்குமுரிய பதினொருவர்

பழைய மாணவர் ஒன்றுகூடும் விழாக்களில் தவறாது எழும் விவாதம் ஒன்றுண்டு. எக்காலத்துக்கும் சிறந்த உதைபந்தாட்டக் குழுவில் இடம்பெறத்தக்கார் யாவர் என்பதே அது. பெரும்பாலும் குரல் வலிமையால் முடிவுறும் இவ்விவாதத்தை நெறிப்பட நடத்தல் இயலுமா? உலகறிந்த மன்செஸ்ரர் யுனைற்றெட் கழகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

1878ஆம் ஆண்டு புகையிரதத் தொழிலாளர் தொடங்கிய நியூற்றன் ஹீத் கழகமே 1902இல் இப்பெயர் பெற்றது. அன்றுதொட்டு அதன் சார்பில் ஆடியோர் பல நூற்றுவர். அவருட் பதினொருவரைத் தெரிதற்கு மூன்று அளவைகள் வேண்டும்.

முதலாவது, கழகத்துக்கு ஆற்றிய பணி. வேறிடத்து ஈட்டிய புகழை இங்கே கணக்கிடலாகாது.

இரண்டாவது, காலத்தின் நிலை. வேன் றூனி 559 ஆட்டங்களில் 253 கோல்கள் பெற்றார். பொபி சார்ள்ரன் 758 ஆட்டங்களில் 249 கோல்கள் பெற்றார். எண்ணை மட்டும் நோக்கின் றூனியே மேலானவர். ஆயின், சார்ள்ரன் நெடுங்காலம் ஓரத்திலும் நடுக்களத்திலும் நின்று ஆடியவர். மேலும், 1965 வரை இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரருக்கு இடமில்லை. காயமுற்றவர் நொண்டியபடியே ஆட வேண்டும், இன்றேல் குழு பதின்மருடன் ஆட வேண்டும். இவற்றையெல்லாம் எண்கள் கூறமாட்டா.

மூன்றாவது, குழுவின் சமநிலை. சார்ள்ரன், டெனிஸ் லோ, ஜோர்ஜ் பெஸ்ற், கன்ரோனா, றூனி, றொனால்டோ ஆகிய அறுவரையும் ஒருங்கே சேர்த்தால், எதிரியிடமிருந்து பந்தைப் பறிப்பவர் யார்? றோய் கீன் போன்ற ஒருவருக்காக மேற்கூறியோருட் சிலரை விலக்கவே வேண்டும். புகழ்பெற்ற பெயர்களின் கூட்டம் குழுவாகிவிடாது.

இனி, மூன்று அளவைகளையும் சோதிக்கும் பெயர் ஒன்றுண்டு. அது டங்கன் எட்வேட்ஸ் என்பதாம். றயன் கிக்ஸ் 963 ஆட்டங்கள் ஆடினார். எட்வேட்ஸ் ஆடியவையோ 177 மாத்திரமே. பதினாறாவது வயதில், 1953இல், களம் புகுந்த அவர், 1958 பெப்ரவரி 6ஆந் திகதி மியூனிச் நகரில் நேர்ந்த விமான விபத்திற் படுகாயமுற்றுப் பதினைந்தாம் நாள் உயிர்நீத்தார். அவ்விபத்தில் மாண்டோர் 23 பேர். அவருள் எண்மர் இக்கழகத்தின் ஆட்டக்காரர்.

அவரைச் சேர்ப்பது இரக்கத்தாலா, நீதியாலா? வாழ்ந்திருந்தால் எத்துணை உயர்ந்திருப்பார் என எண்ணிச் சேர்ப்பின் அது இரக்கமே; கற்பனைக்கு நிறைகோல் இல்லை. செய்து முடித்தவற்றையே நிறுத்துப் பார்ப்போம். 1956, 1957 ஆகிய ஈராண்டுகளின் லீக் வெற்றிகளிற் பெரும் பங்கு. இங்கிலாந்துக்காக 18 ஆட்டங்கள். அனைத்தும் இருபத்தொரு வயதுக்குள். உடனாடிய சார்ள்ரனே தம்மினும் அவரை உயர்த்திப் பேசினார். ஆகவே, இரக்கத்தின் துணையின்றியே எட்வேட்ஸ் தம் இடத்தைப் பெறுகிறார்.

பிறிதொரு கடனும் உண்டு. 1908இலும் 1911இலும் இக்கழகம் லீக் கிண்ணம் வென்றபோது ஆடிய பில்லி மெரெடித்தைக் கண்டோர் எவரும் இன்றில்லை. எழுதிவைத்த குறிப்புகளே அவருக்காகப் பேசுகின்றன. நம் கல்லூரிக் குழுக்களின் பெயர்களையும் ஆட்ட முடிவுகளையும், கண்டோர் உள்ளபோதே ஏட்டில் எழுதிவைப்போமாக. ஏட்டில் இல்லாதவனை அடுத்த விழாவில் எவர் தெரிவார்?