காற்றாடி பார்த்தவள் கரண்டு படிக்கிறாள்!

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். வயது 38. தோவாளையில் இருக்கிறோம். என் கணவர் பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். எங்களுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். பெரியவள் இன்ஜினீயரிங் படிக்கிறாள். அவளை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று 2024-ல் எங்கள் வீட்டில் நடந்த போராட்டத்தையும், அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தவறையும் மற்ற தாய்மார்களும் தெரிந்து கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெரியவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே மின்விசிறியைப் பார்த்தபடி மணிக்கணக்காகப் படுத்திருப்பாள். "தொந்தரவு இல்லாத பிள்ளை" என்று எல்லாரும் சொன்னார்கள். நடக்க ஆரம்பித்ததும் பானை மூடி, டம்ளர், எதைக் கண்டாலும் சுற்றி விட்டுப் பார்ப்பாள். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அப்பா சந்தையிலிருந்து வந்தால் சட்டையில் இருக்கும் பிச்சிப்பூ வாசம் தாங்காமல் அடுத்த அறைக்கு ஓடுவாள். பேச்சு வந்தது நாலு வயதில்தான்.

பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதல் மார்க். ஆனால் ஒரு தோழி கிடையாது. மற்ற பிள்ளைகள் சிரித்தால் இவளும் அதைப் போலவே சிரிப்பாள். ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாது. "பிடிவாதக்காரி, நீங்கதான் செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று ஒரு டீச்சர் என் முகத்துக்கு நேரே சொன்னார். நானும் அதை நம்பி எத்தனையோ நாள் அவளை அடித்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அவளுக்கு 12 வயதில் திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மூன்று நாள் வரச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இது ஆட்டிசம். நோய் இல்லை, மருந்து கொடுத்து மாற்றுகிற விஷயமும் இல்லை. பிறவியிலேயே மூளை வேறு விதமாக வேலை செய்கிறது" என்றார். ஆண் பிள்ளைகளிடம் சீக்கிரம் கண்டுபிடித்து விடுகிறார்களாம். பெண் பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்து அப்படியே நடித்து மறைத்து விடுவதால் பலருக்குக் கடைசி வரை தெரியாமலே போய்விடுகிறதாம்.

அந்தத் தாளைக் கொண்டு வந்து பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அதுதான் நான் செய்த தவறு.

என் மாமியார், "ஏ பிள்ளே, இத வெளிய யாருட்டயும் சொல்லீராத கேட்டியா. பொட்டப்பிள்ள ரெண்டு இருக்கு. நாளைக்கு சின்னவளுக்கும் ஒரு சம்பந்தம் வரணும்லா" என்றார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். என் மனதிலும் அதுதான் இருந்தது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அரசுப் பொதுத்தேர்வில் சலுகைகள் உண்டு. ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருவார்கள். சொல்லச் சொல்ல எழுத ஆள் வைத்துக் கொள்ளலாம். ஆனால் சர்டிபிகேட் வைத்து பள்ளிக்கூடம் மூலம் முன்கூட்டியே கேட்க வேண்டும். நான் வாங்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. பிளஸ் டூ வேதியியல் பரீட்சை அன்று ஹாலில் ஒரு மின்விசிறி கிரீச் கிரீச்சென்று கத்திக் கொண்டே இருந்ததாம். இவளுக்கு அந்தச் சத்தத்தைத் தவிர எதுவும் ஓடவில்லை. கடைசி இரண்டு பக்கம் எழுதாமலே வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து அழவில்லை. "எல்லாம் தெரியும்மா, நேரம் இல்ல" என்று மட்டும் சொன்னாள். பீரோவுக்குள் இருந்த தாள் அன்றைக்கு என்னைச் சுட்டது.

ரிசல்ட் வந்தது. கணக்கு 84, இயற்பியல் 70, வேதியியல் 66. இன்ஜினீயரிங் கலந்தாய்வுக்குக் கணக்கை 100-க்கும், மற்ற இரண்டையும் 50, 50-க்கும் குறைத்து மொத்தம் 200-க்குக் கணக்கிடுவார்கள். அப்படிப் பார்த்தால் 84, 35, 33, ஆக 152.

உடனே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். என் தம்பி, "கண்ண மூடிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் போடு அக்கா" என்றான். மாமியாருக்கு, பக்கத்து மகளிர் கல்லூரியில் பி.காம். படித்தால் போதும். எனக்கும் கம்ப்யூட்டர்தான் சரி என்று பட்டது. ஒரு அறையில் தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கலாம், யாரிடமும் பேச வேண்டாம் என்று நினைத்தேன். எல்லாரும் பேசினோம். அவளை மட்டும் யாரும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு நோட்டை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். என் அம்மா வீடு பணகுடியில். பஸ்ஸில் போகும்போது ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தலில் இரு பக்கமும் காற்றாலைகள் நிற்கும். சின்ன வயதிலிருந்தே ஜன்னல் ஓரம்தான் உட்காருவாள். வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன். நோட்டைத் திறந்தால், எந்தத் தேதியில் எத்தனை சுற்றியது, எத்தனை நின்றது, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று ஆறு வருஷக் கணக்கு! கடைசிப் பக்கத்தில், "எனக்கு இ.இ.இ. வேண்டும். கம்ப்யூட்டர் வேண்டாம். அதில் சுற்றுவது எதுவும் இல்லை" என்று எழுதியிருந்தாள்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அதுல என்ன மக்கா இருக்கு?" என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் சொன்னாள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைகளுக்கு நடுவில் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக நெருக்கிக்கொண்டு வருவதால்தான் இங்கே இத்தனை காற்றாலை. இறக்கை மெதுவாகத்தான் சுற்றும். உள்ளே இருக்கும் கியர் பாக்ஸ் அந்தச் சுற்றை வேகமாக்கி ஜெனரேட்டருக்குக் கொடுக்கும். காற்று அளவுக்கு மீறி அடித்தால் இறக்கையின் சாய்வு மாறி வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். முப்பந்தல் பகுதியில் மட்டும் சுமார் 1,500 மெகாவாட் அளவுக்குக் காற்றாலைகள் இருக்கின்றனவாம். இத்தனை வருஷம் அதே ரோட்டில் போய் வந்தும் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது.

பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த டீச்சரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற அம்மாவைப் பற்றிச் சொன்னார். 1947-ல் பிறந்தவர், ஆட்டிசம் உள்ளவர். பள்ளியில் ஒரு அறிவியல் ஆசிரியர் அவருடைய பிடிவாத ஆர்வத்தைத் தடுக்காமல் அதையே படிப்பாகத் திருப்பி விட்டாராம். பிறகு மாடுகள் மிரளாமல் நடந்து போகிற பட்டிகளை வடிவமைத்துப் பேர் வாங்கி, பேராசிரியராகவும் ஆனார். "மின்விசிறியைப் பார்க்கக் கூடாதுன்னு நீங்க தடுத்தீங்களே, அந்த ஆசைதான் இப்போ உங்க பிள்ளைக்கு வழி காட்டுது" என்றார் டீச்சர்.

அன்றைக்கு ராத்திரி பீரோவைத் திறந்தேன். என் கணவர் அதிகம் பேச மாட்டார். "பூவ வாடிரும்னு இறுக்கி மூடி வச்சா அழுகித்தான் போகும். சர்டிபிகேட் வாங்கிருவோம்" என்றார். சின்னவளுக்கு அப்போது 14 வயது. "அக்காவ மறச்சு வச்சுதான் எனக்கு மாப்பிள்ள வரணும்னா அந்த மாப்பிள்ளயே வேண்டாம்மா" என்றாள். மாமியார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் சரியாகி விட்டார்கள்.

நாகர்கோவிலில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேட்டு, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். ஆட்டிசத்தை அளப்பதற்கு நம் நாட்டிலேயே 40 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. 1995-ல் வந்த சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, ஆட்டிசம் இல்லை. 2016 சட்டத்தில் 21 வகை, அதில் ஆட்டிசமும் உண்டு. சர்டிபிகேட்டில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடஒதுக்கீடு. அரசு வேலையில் உள்ள 4 சதவீதத்திலும் ஆட்டிசம் உள்ளிட்ட பிரிவுகளுக்கு 1 சதவீதம் இருக்கிறது. அரசுத் தாள்களில் தமிழில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று எழுதுகிறார்கள். ஒவ்வொரு காற்றாலையையும் கணக்கு வைத்திருப்பவளுக்கா புற உலகச் சிந்தனை இல்லை என்று எனக்கு ஆறவே இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

விருப்பப் பட்டியல் கொடுக்கும் முன் அவளே ஒரு அட்டவணை போட்டாள். எந்தப் பிரிவில் என்ன சத்தம், என்ன வாசம், எத்தனை பேரோடு சேர்ந்து வேலை என்று பிரித்துப் பிரித்து எழுதினாள். மெக்கானிக்கலில் சுத்தியல் சத்தம், வெல்டிங் வாசம். சிவிலில் வெயிலில் கும்பலாக நின்று சர்வே எடுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் தனியாக இருக்கலாம் என்று நான் நினைத்தது தப்பு. அங்கேயும் குழுவாகத்தான் வேலை, அடிக்கடி வேலையை மாற்றிச் சொல்வார்களாம். இரண்டு காலேஜுக்கு நேரில் போய் லேபைப் பார்த்தோம். மின் இயந்திர லேபில் 'ம்ம்ம்' என்று ஒரே மாதிரி இரைச்சல். எனக்குத் தலை வலித்தது. அவள், "இது நல்ல சத்தம்மா" என்றாள். வீட்டிலிருந்து போய் வரும் தூரத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் இ.இ.இ. கிடைத்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சுகம் என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் வருஷ ஒர்க் ஷாப் எல்லாப் பிரிவுக்கும் உண்டு. தகடு அடிக்கிற சத்தத்தில் அழுதுகொண்டு வந்தாள். காதில் வைக்கிற அடைப்பான் வாங்கிக் கொடுத்தோம், வாத்தியாரிடமும் சொல்லி வைத்தோம். அதே வேதியியலில் ஒரு அரியர் விழுந்தது. கூடுதல் நேரம் கேட்டு எழுதினாள். இந்த முறை கடைசிப் பக்கம் வரை எழுதி பாஸ் ஆனாள்! ஒரே ஒரு தோழி கிடைத்திருக்கிறாள். இருவரும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். அவளுக்கு அது போதும்.

ஆட்டிசம் உள்ள எல்லாப் பிள்ளைகளும் இன்ஜினீயர் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. பேச்சே வராத பிள்ளைகளை வளர்க்கும் சகோதரிகளின் பாடு எனக்குத் தெரியும். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதம். ஆனால் இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் சர்டிபிகேட்டை பிளஸ் டூவுக்கு முன்பே வாங்குங்கள். அது பிள்ளைக்கு உரிமை, குடும்பத்துக்கு அவமானம் இல்லை. படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஊரைக் கேட்காதீர்கள். பிள்ளையிடம் கேளுங்கள். வாயால் சொல்ல வராவிட்டால் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

போன மாதம் பணகுடிக்குப் போகும்போது நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். "ஏழாவது நிக்குதே மக்கா, ஏன்?" என்று கேட்டேன். என்னையே ஒரு நிமிஷம் பார்த்தாள். நான் எண்ணியிருப்பேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பிறகு முப்பந்தல் தாண்டும் வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

— ஒரு வாசகி, தோவாளை