காட்சியைச் சொல்வது யார்?

2026 மார்ச் 15 முதல் தணிக்கைக்கு வரும் ஒவ்வொரு கதைப்படமும் பார்வையற்றோருக்கான காட்சி விவரிப்பையும், காது கேளாதோருக்கான எழுத்து வரிகளையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும். மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட நெறிமுறை சொல்வது இது. அதைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதிய மதுரை வாசகர்கள் பலருக்கும் ஒரே கவலை: தியேட்டரில் படம் ஓடும்போது இனி யாரோ கதை சொல்லிக்கொண்டே இருப்பாரா?

இருக்க மாட்டார். வேண்டியவர் காதில் மட்டும் அது கேட்கும். அதைச் செய்யும் உத்தி ரசிக்கத்தக்கது. விவரிப்புக் கோப்பை வீட்டிலேயே செல்போன் செயலியில் இறக்கிக்கொள்கிறீர்கள். அரங்கில் போனின் மைக் படத்தின் சத்தத்தைச் சில விநாடி கேட்டு, தன்னிடம் உள்ள ஒலிப்பதிவின் அடையாளங்களோடு ஒப்பிட்டு, படம் எந்த இடத்தில் ஓடுகிறது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து இயர்போனில் பேசத் தொடங்கும். தாமதமாக வந்தாலும், இடைவேளை முடிந்து உட்கார்ந்தாலும் பிடித்துக்கொள்ளும். முதல் நாள் முதல் காட்சியின் விசிலையும் மீறிப் பிடிக்குமா என்பதை யாராவது மதுரையில் சோதித்துச் சொன்னால்தான் நம்புவேன்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த விவரிப்பை எழுதுவது யார்? அரசு மொழியில் 'அணுகல் வசதி' என்றால் கோப்பு ஒன்று இணைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். கெடு நெருங்க நெருங்க, படத்தைச் செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுத்து, அது எழுதியதை இன்னொரு செயற்கைக் குரலில் படிக்கவைத்து இணைத்துவிடும் ஆசை தயாரிப்பாளருக்கு வரத்தான் செய்யும்.

'பரியேறும் பெருமாள்' (2018) படத்தின் கடைசிக் காட்சியை எடுத்துக்கொள்வோம். 'இரண்டு கண்ணாடி டம்ளர்கள், நடுவில் ஒரு பூ' என்று இயந்திரம் சொல்லும். அதில் பிழை இல்லை. ஆனால் ஒன்றில் பால் டீ, மற்றதில் பால் கலக்காத டீ, இடையே மல்லிகை என்று சொன்னால்தான் இரண்டு மணி நேரம் கதையைக் கேட்டு வந்தவருக்கு நெஞ்சில் உறைக்கும். அதற்குமேல் ஒரு சொல் சேர்த்தாலும் அது இயக்குநரின் வேலையில் கைவைப்பது. வசனங்களுக்கு இடையில் கிடைக்கும் இரண்டு மூன்று விநாடியில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதே இந்தக் கலை. நம்மூர் 'சுப்ரமணியபுர'த்தில் (2008) அழகரும் துளசியும் கண்ணாலேயே காதலிக்கிறார்கள். 'பார்க்கிறாள், சிரிக்கிறாள்' என்று பத்து முறை சொன்னால் காதலா வரும், தூக்கம்தான் வரும்.

மற்ற கேள்விகள்:

பழைய படங்கள்? புதிதாகச் சான்றிதழ் கேட்பவற்றுக்கே இந்த விதி.

எந்தச் சட்டம்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 42.

நீதிமன்றம் தலையிட்டதா? 2023 ஜனவரியில் 'பதான்' வழக்கில், ஓடிடி வெளியீட்டுக்கு இந்த வசதிகளைச் செய்ய டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

மறைந்த நடிகர் குரலில் விவரிக்கலாமா? 'லால் சலாம்' பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டதற்குக் குடும்பத்தாரின் அனுமதி பெற்று ஊதியமும் தந்ததாக ஏ.ஆர். ரகுமான் சொன்னார். அதற்குக் குறைந்த எதையும் ஏற்கக் கூடாது.

இயந்திரம் முதல் படி எழுதட்டும். தணிக்கைக்குப் போகும் முன் பார்வையற்ற ஒருவர் அதைக் கேட்டுத் திருத்த வேண்டும், சம்பளம் வாங்கிக்கொண்டு. மதுரை சுந்தரராஜன்பட்டியில் எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-ல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. ஆள் கிடைக்கவில்லை என்று கோடம்பாக்கம் சொல்ல முடியாது.