ஜப்பானிய 'ஓமுரைஸ்': டெல்லி சமையலறையில் செய்வது எப்படி? அரைவேக்காட்டு முட்டை பாதுகாப்பானதா?

புதுடெல்லி: 2023ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி டோக்கியோ சென்றிருந்த அப்போதைய தென்கொரிய அதிபர் யூன் சுக் இயோலை, அன்றைய ஜப்பான் பிரதமர் ஃபுமியோ கிஷிடா, கின்சா பகுதியிலுள்ள 'ரெங்கடெய்' என்னும் பழைமையான உணவகத்துக்கு அழைத்துச் சென்றார். யூன் ஓமுரைஸ் பிரியர் என்பதே அதற்குக் காரணம். நான்கு நாள்களுக்குப் பிறகு டெல்லி வந்த கிஷிடா, புத்த ஜெயந்தி பூங்காவில் பிரதமர் நரேந்திர மோடியுடன் கோல்கப்பா சாப்பிட்டது பரவலாகப் பேசப்பட்டது. ஓமுரைஸ் குறித்து டெல்லியில் அன்று அவ்வளவாகப் பேச்சில்லை.

'ஆம்லெட்', 'ரைஸ்' ஆகிய இரு ஆங்கிலச் சொற்களை ஜப்பானியர் தம் நாவுக்கேற்பச் சுருக்கி இணைத்ததே 'ஓமுரைஸ்'. தக்காளி கெட்சப் சேர்த்து வதக்கிய கோழிச் சோற்றின் மீது மெல்லிய ஆம்லெட்டைப் போர்த்தினால் அதுதான் இந்த உணவு. மேலைநாட்டுச் சமையலை ஜப்பானியர் தமதாக்கிக்கொண்ட 'யோஷோகு' வகையைச் சேர்ந்தது.

இதன் பிறப்பிடத்துக்கு இரு நகரங்கள் உரிமை கோருகின்றன. 1895இல் தொடங்கப்பட்ட ரெங்கடெய்யில், ஊழியர்கள் அவசரமாக உண்பதற்காக முட்டையையும் சோற்றையும் கலந்து செய்த உணவே இதன் தொடக்கம் என்பது டோக்கியோவின் வாதம். வயிற்று உபாதையால் நாள்தோறும் ஆம்லெட்டும் வெறும் சோறும் மட்டுமே கேட்ட வாடிக்கையாளருக்காக 1925இல் உருவாக்கப்பட்டது என்கிறது ஒசாகாவின் 'ஹொக்கியோகுசெய்' உணவகம். முட்டையால் சோற்றை மூடும் இன்றைய வடிவத்துக்கு ஒசாகா கதையே நெருக்கமாக உள்ளது.

அரிசியில்தான் தொடக்கம்

டெல்லி வீடுகளில் வழக்கமான பாசுமதி இதற்குப் பொருந்தாது. உதிரியாக நிற்பதே அதன் பெருமை. ஓமுரைஸுக்கோ சோறு சற்று ஒட்டி, வடிவம் பிடித்து நிற்க வேண்டும். ஐ.என்.ஏ. சந்தை போன்ற இடங்களில் இறக்குமதிப் பொருள் விற்கும் கடைகளில் ஜப்பானியக் குட்டை அரிசியைத் தேடலாம். விலை கூடுதலாக இருக்கும். தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பயன்படுத்தும் பொன்னி பச்சரிசியைச் சற்றுக் குழைய வடித்தாலே போதுமானது.

ஒருவருக்கு ஒன்றரைக் கோப்பை சோறு, பொடியாக நறுக்கிய கோழிக்கறி 50 கிராம், பாதி வெங்காயம், கெட்சப் மூன்று மேசைக்கரண்டி, முட்டை இரண்டு, வெண்ணெய் சிறிது தேவை. வெண்ணெயில் வெங்காயத்தையும் கோழியையும் நன்கு வதக்கிய பின், சோற்றைச் சேர்க்கும் முன்பே கெட்சப்பை ஊற்றி ஒரு நிமிடம் சுண்டவிட வேண்டும். பலரும் தவறுவது இங்குதான். சோற்றின் மீது நேரடியாக ஊற்றினால் ஈரம் வற்றாமல் சோறு கூழாகிவிடும். புளிப்பும் தனித்து நிற்கும். இந்தியக் கெட்சப்புகள் பெரும்பாலும் இனிப்பு மிகுந்தவை என்பதால் மிளகுத்தூள் சற்றுத் தாராளமாகவே இருக்கலாம்.

முட்டையில் உப்பும் ஒரு தேக்கரண்டி பாலும் சேர்த்து அடித்து, சூடான ஒட்டாத வாணலியில் ஊற்றி, விளிம்பிலிருந்து நடுவுக்கு விரைவாகக் கிளற வேண்டும். அடிப்பகுதி படிந்ததும் கிளறுவதை நிறுத்தி, சோற்றை நடுவில் நீளவாக்கில் வைத்து, இரு ஓரங்களையும் மடித்துத் தட்டில் கவிழ்க்க வேண்டும். வடிவம் குலைந்தால் கவலை வேண்டாம். சுத்தமான காகிதத் துண்டால் மூடி, கையால் அழுத்திச் சரிசெய்வதுதான் ஜப்பானிய வீடுகளிலும் நடக்கிறது.

இளகிய முட்டையின் ஆபத்து

சமூக ஊடகங்களில் பரவுவது வேறு வகை. கியோட்டோவின் 'கிச்சி கிச்சி' உணவக சமையற்கலைஞர் மோட்டோகிச்சி யுகிமுரா, சோற்றின் மீது வைத்த ஆம்லெட்டைக் கத்தியால் கீற, உள்ளிருக்கும் இளகிய முட்டை இருபுறமும் வழிந்து விரியும். கலக்கி சாப்பிட்டுப் பழகிய தமிழ்நாட்டு நாக்குக்கு அதன் சுவை அந்நியமல்ல. டெல்லியில் அதை அப்படியே செய்வது குறித்துத்தான் யோசிக்க வேண்டியுள்ளது.

ஜப்பானில் முட்டைகள் கழுவி, சோதித்து, எத்தனை நாள்கள்வரை பச்சையாக உண்ணலாம் என்ற தேதியுடன் விற்கப்படுகின்றன. டெல்லியிலோ 40 டிகிரியைத் தாண்டும் கோடையிலும் பல கடைகளில் முட்டை அட்டைகள் குளிர்சாதன வசதியின்றி வெளியிலேயே அடுக்கப்பட்டிருக்கும். சால்மோனெல்லா கிருமி ஓட்டின் மேல் மட்டுமன்றி முட்டையின் உள்ளேயும் இருக்கக்கூடும் என்பதால், ஓட்டைக் கழுவுவது மட்டும் தீர்வாகாது. டெல்லி உள்ளிட்ட இடங்களில் பறவைக் காய்ச்சல் உறுதியான 2021 ஜனவரியில், அரைவேக்காட்டு முட்டைகளை உண்ண வேண்டாம் என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அறிவுறுத்தியது குறிப்பிடத்தக்கது.

முட்டை உணவின் உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸை எட்டினால் கிருமிகள் அழியும். எனவே கிளறி முடித்ததும் தீயைக் குறைத்து, மேற்பரப்பில் திரவம் தெரியாத வரை மூடி வைத்து, அதன் பிறகே சோற்றை வைப்பது நல்லது. மென்மை முழுதும் போய்விடாது. வெண்ணெயும் பாலும் அதற்குத் துணை நிற்கும். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள் உள்ள வீடுகளில் கீறினால் வழியும் வகையைத் தவிர்த்துவிடலாம்.

முந்தைய நாள் சோற்றைப் பயன்படுத்துவோர் அதை ஆறியவுடன் குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும். அறை வெப்பத்தில் கிடந்த சோற்றில் 'பேசில்லஸ் சீரியஸ்' கிருமி உருவாக்கும் நச்சு, மீண்டும் வதக்கினாலும் அழிவதில்லை.