மஞ்சளா, நீலமா?

பேத்தி படிக்கவும் பாட்டி இளைப்பாறவும் ஒரே அறை. அதற்கு வண்ணம் பூசுவதோ பல ஆண்டுகளுக்கு ஒரு முறை. ஆகவே கடையில் காட்டும் வண்ண அட்டையில் அழகாயிருப்பதைச் சுட்டிவிட்டு வருதல் போதாது. நம் இல்லங்களில் பலரும் விரும்பும் இளமஞ்சளையும் இளநீலத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, வெளிச்சம். சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியையே திருப்பி அனுப்புகிறது. ஆண்டில் பெரும்பாலும் வெயில் நேரே விழாத வடக்குச் சன்னலின் வழியே வருவது வானத்தின் நீலங்கலந்த ஒளி. அவ்வறையில் இளநீலம் மங்கிச் சாம்பல் போலத் தோன்றும். இளமஞ்சளோ அறையைத் தெளிவாகக் காட்டும். மேற்குச் சன்னலில் மாலை வெயில் செம்மஞ்சளாய் விழும். அங்கே மஞ்சள் சுவர் கண்ணை உறுத்தும், நீலம் இதமளிக்கும். ஆயினும் உள்சுவரில் நீலம் பூசினால் வெப்பம் குறையும் என எண்ணுதல் கூடாது. அக்குளிர்ச்சி கண்ணுக்கு மட்டுமே. வெப்பத்தைத் தணிப்பது மொட்டை மாடியில் பூசும் வெள்ளைச் சுண்ணாம்பு.

இரண்டாவது, முதியோர் கண். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளிப்பதால் நீல ஒளி குறைவாகவே உட்செல்கிறது. நமக்கு வானம்போல் விளங்கும் நிறம் பாட்டிக்கு மங்கலாகத் தெரியலாம்.

மூன்றாவது, சோதனை. பாரிசில் கோபலென் நெசவாலையின் சாயப் பிரிவை மேற்பார்த்த செவ்ரூல் என்னும் வேதியியலறிஞர், அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றையொன்று வேறாகக் காட்டும் என்பதை 1839-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். எனவே இரு பெரிய அட்டைகளில் இருமுறை பூசி, நன்கு உலர்ந்தபின், தனித்தனியே சுவரில் சாத்திக் காலை, மாலை, இரவு விளக்கு என மூன்று வேளையும் பார்க்க வேண்டும். நான்கு சுவர்களும் ஒன்றன் நிறத்தை மற்றொன்றின்மேல் வீசுவதால், பூசியபின் நிறம் அட்டையிலிருந்ததைவிட அழுத்தமாய்த் தெரியும். ஒருபடி வெளிறியதையே தேர்ந்தெடுப்போம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழைய கதவு, சன்னல்களில் பூசிய மஞ்சள் எண்ணெய் வண்ணங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். வீட்டு வண்ணங்களில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆதலால் பழைய பூச்சை உலரச் சுரண்டாமல் நனைத்தே சுரண்டுதல் வேண்டும். சிறுவரும் கருவுற்ற தாய்மாரும் அவ்வேளையில் அங்கிருத்தல் ஆகாது.

ஆகவே மேற்கு வெயில் புகும் அறைக்கு இளநீலம். பாட்டியும் பேத்தியும் பகிர்ந்துகொள்ளும் வடக்கறைக்கு இளமஞ்சள். நமக்குப் பிடித்த நிறம் எதுவாயினும், அவ்வறையில் நெடுநேரம் இருப்பவர் கண்ணுக்கு முதலிடம் கொடுப்போம்.